மாமனைக் கேட்டுப் பெட்டி வாங்கு

ப்ளூ-ரே பிளேயர் வாங்கப் போறியாமே மருமகனே, உங்க அத்தை சொன்னா. ரொம்பச் சந்தோஷம். ஊரே செல்போனைக் குறுக்கால பிடிச்சுக்கிட்டுப் படம் பாக்குது, தட்டைப் போட்டுத்தான் பாப்பேன்னு நீ ஒருத்தன் நிக்கிறே. இப்படி நிக்கிறவனுக்கு ஒண்ணு ரசனை இருக்கணும், இல்லே காசு கையில அரிக்கணும். உனக்கு ரெண்டும் இருக்கு. ரெண்டாவது கொஞ்சம் தூக்கல்.

விலை கூடின பெட்டியிலதான் படம் பளிச்சுன்னு இருக்கும்னு டவுன் கடைக்காரத் தம்பி சொன்னாராம். சொல்லத்தானே செய்வார், அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கில்ல. நான் டூரிங் டாக்கீஸ்ல கார்பன் குச்சி தேயத் தேய நகத்திக் குடுத்துக்கிட்டு நின்ன ஆப்பரேட்டர். அங்க மெஷின்காரன் கொஞ்சம் அசந்தா கதாநாயகி மூஞ்சி இருட்டாயிரும், கீழேருந்து விசில் பறக்கும். இதுல அந்தத் தொந்தரவே கிடையாது. தட்டுல இருக்கிறது பூரா எண்ணுதான். 405 நானோமீட்டர் ஊதா லேசர் படிக்குது, ஹெச்டிஎம்ஐ வயர்ல டிவிக்குப் போகுது. பழுதில்லாத பெட்டி எதுவா இருந்தாலும் சாதா ப்ளூ-ரே தட்டுலேருந்து 1080 வரிப் படத்தை ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் எடுத்துக் குடுக்கும். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு உத்துப் பாத்தாலும் உனக்கு வித்தியாசம் தெரியாது. தெரிஞ்சதுன்னு நீ சொல்லுவே, அது வேற விஷயம்.

2010-ல அமெரிக்காவுல நடந்த கூத்தைக் கேளு. லெக்சிகான்னு ஒரு பெரிய பேரு. பிடி-30ன்னு ஒரு பிளேயர் போட்டான், விலை 3,500 டாலர். சந்தேகப்பட்ட ஆளுக மூடியைக் கழட்டிப் பாத்தா, உள்ள 500 டாலருக்கு விக்கிற ஓப்போ பிடிபி-83 உக்காந்திருக்கு. சர்க்யூட்டை மட்டும் வாங்கிப் போட்டிருந்தாக்கூடச் சரிம்பேன். அடிச்சட்டத்தோட அப்படியே தூக்கி வச்சு, மேல கெட்டியா ஒரு முகப்பு மாட்டிட்டான். கொம்புக்குப் பெயிண்ட் அடிச்சு மாட்டு விலையை ஏத்துறவனை நம்ம சந்தையிலயும் பாத்திருக்கோம், ஆனா அவன் ஏழு மடங்கா கேட்டான்?

அதுக்காக எல்லாப் பெட்டியும் ஒண்ணுன்னு போய் முதல்ல கண்ணுல பட்டதைத் தூக்கிட்டு வராதே. வித்தியாசம் இருக்கு, நீ தேடுற இடத்துல இல்ல. பழைய டிவிடியைப் போட்டியானா, அதுல இருக்கிறது 576 வரி. அதை இழுத்து 4கே டிவிக்கு 2,160 வரியா நிரப்பணும். இதை நல்லாச் செய்யற பெட்டியும் உண்டு, சொதப்புற பெட்டியும் உண்டு. உன் கல்யாண டிவிடியை எடுத்துட்டுப் போய்க் கடையிலயே போட்டுப் பாரு. மாலை ஓரமெல்லாம் சீப்புப் பல்லாட்டம் வரி வரியாப் பிரிஞ்சா அந்தப் பெட்டி வேண்டாம். வீடியோக்காரன் உன் தலையைச் சுத்திப் பறக்கவிட்ட இதயத்தை எந்தப் பெட்டியாலயும் எடுக்க முடியாது, அது உன் விதி.

அடுத்தது 4கே தட்டு. இது 2016-ல வந்த சாமான். அதுல ஹெச்டிஆர்னு வெளிச்சத்தை 1,000 நிட், சில தட்டுல 4,000 நிட் வரைக்கும் எழுதி வச்சிருப்பான். உன் டிவி 500-லயே மூச்சு வாங்கினா, மிச்சத்தை எப்படி அமுக்கிக் காட்டுறதுன்னு யாராவது முடிவு பண்ணணும். டிவி பண்ணும், ஆனா எல்லா டிவியும் பக்குவமாப் பண்ணாது. பானாசோனிக் யூபி820 மாதிரி பெட்டிக அந்த வேலையைத் தாங்களே பாத்துக் குடுக்கும். ப்ரொஜெக்டர் வச்சிருக்கிறவனுக்கு அது வரம். டால்பி விஷன்கிற ஹெச்டிஆர் வகைக்குன்னு கூடக் காசு குடுக்கிறதுக்கு முன்னாடி உன் டிவியைத் திருப்பிப் பேரைப் படி. சாம்சங்னா அதுல டால்பி விஷன் கிடையாது. கடைக்காரத் தம்பி இதை மட்டும் சொல்ல மறந்திருப்பார், பாவம்.

சரி, டிவியை என்ன மோட்ல வச்சிருக்கே? விவிட். போன பொங்கலுக்கு வந்தப்பவே பாத்தேன், வில்லன்கூட மஞ்சள் பூசிக் குளிச்சுட்டு வந்திருந்தான். சினிமா மோடுக்கு மாத்து, ஷார்ப்னெஸைத் தாழ்த்து. அந்த மோஷன் சமாச்சாரம் ஒண்ணு ஒவ்வொரு கம்பெனியிலயும் ஒவ்வொரு பேர்ல இருக்கும், அதை அணை. படம்னா செகண்டுக்கு 24 பிரேம். நடுவுல டிவி தானாப் புதுப் பிரேம் வரைஞ்சு சொருகினா, கோடி கோடியாக் கொட்டி எடுத்த படம் சாயங்கால சீரியலாயிரும். பெட்டியில 24பி அவுட்புட்டை ஆன் பண்ணிரு. தலைக்கு மேல எரியற ட்யூப்லைட்டையும் அணைச்சுத் தொலை. நாங்க பொழுது சாயாம ரீலைத் தொட்டதில்ல. இது எதுக்கும் பில் வராது, அதனாலதான் எந்தக் கடையிலயும் சொல்லமாட்டான்.

தங்க முலாம் பூசின வயரும் எழுதி வச்சிருக்கியாமே? 18 ஜிபிபிஎஸ் தாங்கும்னு சான்று போட்ட சாதா ஹெச்டிஎம்ஐ போதும். வயர் மோசம்னா படத்துல புள்ளி பறக்கும், இல்லே திரை கறுத்துப் போகும். நிறம் கொஞ்சம் கூடுறது, குரல் கொஞ்சம் இனிக்கிறது எல்லாம் வயர்ல கிடையாது. தங்கம் வாங்கணும்னா அத்தை பேருக்கு வாங்கு.

சத்தத்துக்கு வருவோம். ஓடிடியில அட்மாஸ்னு போட்டாலும் வர்றது சுருக்கின சத்தம். தட்டுல இருக்கிற டால்பி ட்ரூஹெச்டி, டிடிஎஸ்-ஹெச்டி மாஸ்டர் ஆடியோ ரெண்டும் ஸ்டுடியோவுல பதிஞ்சதை ஒரு துளி சிந்தாமக் குடுக்கும். தட்டு வாங்குறதுக்கு உருப்படியான காரணம் இதுதான். ஆனா அதை விரிச்சுக் குடுக்கிறது ஏவி ரிசீவர். பிட்ஸ்ட்ரீம்னு வச்சுட்டா பெட்டி வெறும் சுமைகூலி. அப்புறம் பெட்டிக்குள்ள எண்ணைச் சத்தமாக்குற உயர்ந்த சாதி டிஏசி இருக்குன்னு எதுக்குக் காசு அழுவுறே? அனலாக் வயர்ல ஆம்ப்ளிஃபயருக்கு இழுக்கிறவனுக்குத்தான் அது. மெனுவுக்குள்ள செகண்டரி ஆடியோன்னோ பிடி ஆடியோ மிக்ஸ்னோ இருக்கும், அதை ஆஃப் பண்ணு. அது ஆன்ல கிடந்தா, அட்மாஸ் தட்டு போட்டும் ரிசீவர்ல அட்மாஸ்னு எழுத்தே வராது. பெட்டி, டிவி, சவுண்ட்பார்னு சங்கிலி போட்டியானா டிவியில ஈ-ஆர்க் இருக்கணும். வெறும் ஆர்க்ல ட்ரூஹெச்டி போகாது. 2018-லேருந்து வந்த சாம்சங் டிவிக டிடிஎஸ்ஸைத் தொடுறதில்ல, அதையும் மனசுல வை.

சத்யஜித் ராயோட அப்பு படம் மூணும் வேணும்னு கேட்டியே. லண்டன்ல 1993-ல தீயில கருகின நெகட்டிவை ஒட்டித் தடவி 4கேயில மீட்டெடுத்து, 2015-ல அமெரிக்க க்ரைட்டீரியன் தட்டாப் போட்டான். பாக்கவேண்டிய சாமான். ஆனா அந்த ப்ளூ-ரே ஏ மண்டலம், நம்ம நாடு சி மண்டலம். இங்க வாங்கின பெட்டியில போட்டா ஒரு எச்சரிக்கையைக் காட்டிட்டுச் சும்மா நிக்கும். 4கே தட்டுக்கு மண்டலம் கிடையாது. ஆக, தட்டைப் பாத்துட்டுப் பெட்டிக்குப் போ.

வாங்க ஆளும் குறைஞ்சு போச்சு. ஓப்போ 2018-ல கடையைக் கட்டினான், அப்புறம் சாம்சங்கும் எல்ஜியும் விலகிட்டாங்க. பானாசோனிக், சோனின்னு பாத்து, ரிப்பேர் பண்ண இங்க ஆள் இருக்கான்னு கேட்டு வாங்கு. 100 ஜிபி தட்டு ஒண்ணைப் போட்டு முழுசா ஓடவிடு, சில பெட்டி பாதிப் படத்துல உறைஞ்சு நின்னுரும்.

இன்னொண்ணு. உன் மகன் ரூமைப் பூட்டிக்கிட்டு விளையாடுறானே பிளேஸ்டேஷன் 5, அது தட்டு போடுற வகைதானே? அதுவே 4கே ப்ளூ-ரே ஓட்டும். டால்பி விஷன் மட்டும் வராது, உன் டிவி சாம்சங்னா அது எப்படியும் வராது. பயகிட்டேருந்து அதைப் பிடுங்குறதுதான் செலவு.

அப்ப பெட்டிக் காசு மிச்சமாச்சா, அதை ஸ்பீக்கர்ல போடு. ஸ்பீக்கருக்கு எங்கயும் அலைய வேண்டாம். டாக்கீஸைப் பிரிச்சப்போ சம்பள பாக்கிக்குன்னு நான் தூக்கிட்டு வந்த ஜோடி பரண் மேல இருக்கு. எலி ஒரு ஓரத்துல லேசாக் கடிச்சிருக்கு, மத்தபடி புதுசு. வேற ஆளுன்னா விலையே வேற, நீ தங்கச்சி மகன். ஞாயித்துக்கிழமை வண்டியோட வா, முன்பணத்தையும் கையோட கொண்டாந்துரு.