கேத்தி ஸ்டேஷனை மறுபடி விற்பது எப்படி?

ஊட்டியில் சீசனுக்கு ரூம் போடக் காசில்லாதவர்களும் ஊட்டியை வைத்துச் சம்பாதிக்க ஒரு வழி இருக்கிறது. இங்கே எடுத்த பழைய படம் ஒன்றைப் பிடியுங்கள். 'மூன்றாம் பிறை' உத்தமம். 1982-ல் வந்தது, கமலுக்கு நடிப்புக்காகவும் இயக்குநர் பாலு மகேந்திராவுக்கு ஒளிப்பதிவுக்காகவும் தேசிய விருது வாங்கித் தந்தது, ஊட்டிக்குப் பக்கத்துக் கேத்தி ஸ்டேஷனில் எல்லாரையும் அழவைத்து முடிகிறது.

இதைத்தான் ஜனங்கள் கேசட், விசிடி, டிவிடி என்று ஏற்கெனவே வாங்கிவிட்டார்களே என்று தயங்க வேண்டாம். குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட் வீடுகளில் கேசட்டுகளைப் பூஞ்சை எப்போதோ தின்றுவிட்டது. பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்தவர்கள்கூடத் தப்பவில்லை. டிவிடி பளபளவென்று இருக்கும், போட்டுப் பார்க்க பிளேயர் இருக்காது. ஆக, வாடிக்கையாளர் தயார்.

அடுத்தது நெகட்டிவ். பெரும்பாலும் கிடைக்காது. தன் 'வீடு' படத்துக்கே நெகட்டிவ் இல்லை என்று பாலு மகேந்திரா வருந்திச் சொல்லியிருக்கிறார். அரசாங்கமே ஊட்டி இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்று ஆலை வைத்து பிலிம் செய்த மலை இது. அந்த ஆலையையும் மூடியாயிற்று. எங்காவது பிரிண்ட் அகப்பட்டால் டப்பாவைத் திறந்து மோந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் பிலிம் அழுகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைக் காப்பாற்றி ஸ்கேன் எடுப்பது பெருஞ்செலவு. பழைய டிவிடியையே இழுத்துப் பெரிதாக்கி மேலே '4கே' என்று போடுவது மலிவு.

பிறகு துடைக்கும் வேலை. புள்ளிபுள்ளியாகத் தெரிவதையெல்லாம் அழுக்கென்று நினைக்கும் மென்பொருள் ஒன்றை ஏவிவிடுங்கள். அது பிலிமின் இயல்பான நுண்மணிகளோடு மலையின் பனியையும் சேர்த்து வழித்துவிடும். இதே இயக்குநரின் 'மூடுபனி'யை அதனிடம் கொடுத்தால் என்ன மிஞ்சும் என்று யோசிக்காதீர்கள். புல்லுக்குக் கொஞ்சம் பச்சை ஏற்றுங்கள். அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டுங்கள். கடைசிக் காட்சியில் கமல் தலையில் வைத்திருக்கும் பாத்திரம் பாதி போகும், பரவாயில்லை. அந்த இடத்தில் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

உரிமைப் பத்திரம்? இணையம் பிறக்காத காலத்துப் பத்திரத்தில் இணைய உரிமையைத் தேடுவது தனிக் கலை. ஒரே உரிமையை இரண்டு பேர் கையில் வைத்திருந்தால் உங்களுக்கு முன்னால் வக்கீல் சம்பாதித்துவிடுவார்.

பணம் போடுகிறவர் இழுத்தடித்தால் 'கர்ணன்' கதையை எடுத்துவிடுங்கள். 1964-ல் வந்த, பந்துலு இயக்கிய படம், 2012-ல் டிஜிட்டலாக மீண்டும் தியேட்டருக்கு வந்து 100 நாளைத் தாண்டியது. அதற்காகப் பொறுமையாக உட்கார்ந்து படத்தையும் ஒலியையும் சீர்செய்தார்கள் என்ற பகுதியை மட்டும் விழுங்கிவிடுங்கள், மனிதர் பயந்துவிடுவார்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சினிமாவுக்கு நம் சட்டம் தரும் பதிப்புரிமை 60 ஆண்டு. 1982-ல் வந்த படம் 2042 டிசம்பர் 31 வரைதான் உரிமைக்காரர் கையில். மறுநாள் முதல் யார் வேண்டுமானாலும் போடலாம். அதற்குள் இன்னும் இரண்டு மூன்று வடிவங்கள் வந்துவிடும், கவலை வேண்டாம். 8கே-வுக்கு இப்போதே முன்பணம் வாங்க ஆரம்பிக்கலாம்.