எலியப்பன்

நாய் வளர்ப்பவரைக் குரைப்பு காட்டிக்கொடுக்கும். பூனை வளர்ப்பவரைச் சட்டையில் ஒட்டிய ரோமம். எலி வளர்ப்பவரைக் காலரை வைத்துக் கண்டுபிடிக்கலாம். எவ்வளவு விலை உயர்ந்த சட்டையானாலும் ஓரம் பொடிப்பொடியாகக் கடிபட்டிருக்கும். எங்கள் எதிர் ஃபிளாட்டுக்காரர் அப்படி ஒருவர். முப்பது வயது, மென்பொருள் உத்தியோகம், கல்யாணம் ஆகவில்லை. ஒருநாள், "பசங்க தூங்கறாங்க, மெதுவா பேசுங்க சார்" என்றார். எந்தப் பசங்க என்று நான் விழிப்பதற்குள் அவருடைய பனியனிலிருந்து ஒரு வால் தொங்கியது. அன்றிலிருந்து எனக்கு அவர் எலியப்பன்.

ஒற்றை எலி துணையில்லாமல் ஏங்கிப்போகும் என்பதால் வாங்கும்போதே இரண்டாக வாங்கினார். இரண்டும் ஆண்தான் என்று கடைக்காரர் அடித்துச் சொல்லியிருந்தார். எலியின் கர்ப்பகாலம் சுமார் 22 நாள். நாலாவது வாரம் ஒரு ஆண் பத்துக் குட்டி போட்டது. அந்த மாதம் முழுக்க எங்கள் தளத்தில் ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. திறந்தால், "சார், ஒரு ஜோடி எடுத்துக்கறீங்களா?"

எலி வாந்தி எடுக்காது. எடுக்கவே முடியாது, உடம்பின் அமைப்பு அப்படி. ஆகவே அதன் வாய்க்குள் போகிற ஒவ்வொன்றையும் இவர் முகர்ந்து பார்த்துத்தான் கொடுப்பார். இவர் வாய்க்குள் இரவு பதினொரு மணிக்குப் போகிற பரோட்டாவை யாரும் முகர்வதில்லை. ஞாயிறுதோறும் எலிகளுக்கு எடை பார்த்து நோட்டில் எழுதுகிறார். எலி தும்மினால் போதும், நெஞ்சுச் சளி என்று ஆட்டோ பிடித்துவிடுவார். எலிக்குச் சுவாச நோய் சட்டென்று முற்றும் என்பது உண்மைதான். ஆனால் அவருடைய அம்மாவின் வழக்கு வேறு: "எனக்கு முட்டி வலின்னு ஆறு மாசமா சொல்றேன். நானும் தும்மிப் பார்க்கணும் போல."

முதன்முறை எலியின் கண்ணோரம் சிவப்பாகக் கசிந்தபோது ரத்தம் என்று அலறிக்கொண்டு ஓடினார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: அது ரத்தமல்ல, போர்ஃபிரின் என்கிற நிறமி, உடம்புக்கு முடியாவிட்டாலோ மனசு சரியில்லாவிட்டாலோ கண்ணீரோடு கூடுதலாக வரும். உடம்பு என்றால் மருந்து இருக்கிறது. மனசு என்றதும்தான் நம்மவர் ஆடிப்போனார்.

மறுநாளே வீட்டுச் சட்டதிட்டங்கள் மாறின. கொசுவத்தி கூடாது, ஊதுவத்தி கூடாது. கூண்டில் மரத்தூள் போய்க் கிழித்த காகிதம் வந்தது. வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் நின்றுவிட்டது. வாகனத்துக்கு மூச்சிரைக்கும் என்றால் பூஜையறைப் பிள்ளையார்தான் என்ன சொல்ல முடியும்?

மே மாதம் வந்தால் ஏசி எலிகளின் அறையில். அப்பா ஹாலில், மின்விசிறிக்கடியில், துண்டால் முதுகைத் துடைத்தபடி. நான் ஜாடையாகக் கேட்டேன். "அப்பாவுக்கு வேர்க்கும் சார். எலிக்கு வேர்க்காதே! பாவம், வால் வழியாத்தான் சூட்டை வெளியே விடணும்." கரண்ட் போனால் உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் வைப்பார். இன்னொரு பாட்டில் அப்பாவுக்காக இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

பொழுதுபோக்குத் துறையும் அவர் வசம்தான். பழைய ஜீன்ஸின் கால்கள் இப்போது கூண்டில் தூளியாகத் தொங்குகின்றன. தாம்பாளத்தில் தண்ணீர் விட்டுப் பச்சைப் பட்டாணி மிதக்கவிட்டால் எலிகள் மீன் பிடிப்பதுபோல் அள்ளும். அது ஆரத்தித் தாம்பாளம் என்பது அம்மாவுக்கு இன்னும் தெரியாது. 2019-இல் பெர்லின் விஞ்ஞானிகள் எலிகளுக்குக் கண்ணாமூச்சி விளையாடக் கற்றுக்கொடுத்தார்கள் என்று படித்துவிட்டு இவரும் ஆரம்பித்தார். கோயிலிலிருந்து திரும்பிய அம்மா, பீரோவுக்குப் பின்னால் ஒடுங்கியிருந்த மகனைப் பார்த்து, ஆபீஸில் ஏதோ கடன் பிரச்சினை என்று நினைத்துவிட்டார்.

கூச்சம் காட்டினால் எலி சிரிக்குமாம். எலி சிரிப்பதைக் கண்டுபிடித்தவர் யாக் பாங்க்செப் என்கிற விஞ்ஞானி. 50 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரும் அந்தச் சத்தம் நம் காதுக்கு எட்டாது. "பாருங்க சார், எப்படிச் சிரிக்கறான்!" என்று அவர் எலியின் வயிற்றில் கிச்சுக்கிச்சு மூட்ட, நானும் உற்றுக் கேட்டேன். நிசப்தம். என் ஜோக்குகளுக்கு என் மனைவியும் அந்த அலைவரிசையில்தான் சிரிக்கிறாள் போலிருக்கிறது.

"சீ, எலியா?" என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. உட்காரவைத்துவிடுவார். விக்டோரியா மகாராணி காலத்து எலிபிடிப்பவர் ஜாக் பிளாக், பிடித்ததில் அழகானவற்றைக் கொல்லாமல் வளர்த்து விற்றதில் கதை தொடங்கும். 1901-இல் மேரி டக்ளஸ் என்ற சீமாட்டி இங்கிலாந்தின் அய்ல்ஸ்பரியில் எலியைப் போட்டிக்குக் கொண்டுபோனதற்கு வருவதற்குள் காபி ஆறிவிடும்.

இத்தனையும் இரண்டு வருஷத்துக்கு, மிஞ்சினால் மூன்று. அதற்குமேல் எலிக்கு ஆயுசில்லை. இதை நான் ஒருமுறை சொல்லப்போய், அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பேச வந்தது போன செவ்வாய், ராத்திரி பத்து மணிக்கு மேல். முகமெல்லாம் வேர்வை.

"சார், உங்க வீட்ல எலிப்பொறி இருக்கா?"

"எதுக்குப்பா?"

"கிச்சன்ல எலி சார்! வெளி எலி. பசங்களுக்கு ஏதாவது நோயை ஒட்டிட்டுப் போயிடும்."

பரணிலிருந்து கூண்டுப் பொறியை எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் வாங்கிய மசால் வடை ஒன்று மிச்சமிருந்தது; அதையும் நீட்டினேன். அவர் வாங்கி, முகர்ந்து பார்த்து, திருப்பிக் கொடுத்தார்.

"வடை வேணாம் சார். உப்பு ஜாஸ்தி. பட்டாணி வேகவெச்சிருக்கேன்."