காட்டுப்பள்ளிக்கு எப்போது வரலாம்?

காட்டுப்பள்ளி, பழவேற்காடு பக்கம் சுற்றிப் பார்க்க எந்த மாதம் தோது என்று பட்டணத்து நண்பர்கள் விசாரிக்கிறார்கள்.

மே வேண்டாம், கத்திரி. வெயிலைக்கூடத் தாங்கிவிடலாம், மீன்குழம்பு ஆசையை என்ன செய்வது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஏரி இறாலை நம்பி வரலாம்தான். விலை கேட்டதும் வியர்வை இன்னும் கூடும்.

ஐப்பசி பிறந்தால் மழை. டிசம்பரிலோ புயலுக்குப் பெயர் சூட்டியே அனுப்பி வைக்கிறார்கள்: 2016-இல் வர்தா, 2023-இல் மிக்ஜாம். மிக்ஜாம் தனியாக வரவில்லை. வெள்ளத்தோடு வந்த ஆலை எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, படகு, வலை, அலையாத்தி எல்லாவற்றையும் கறுப்பாக்கியது. தீபாவளி முடிந்து மூன்று வாரம் கழித்து ஊருக்கே எண்ணெய்க் குளியல்! சீயக்காய்க்குத்தான் ஆள் வரத் தாமதம்.

ஆகவே ஜனவரி, பிப்ரவரி. வெயில் இளசு, ஏரியில் பூநாரைக் கூட்டம். ஒன்று மட்டும் கவனியுங்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளாக இருந்தால் மீனவர்கள் கடலுக்குப் போகக்கூடாது என்று அறிவிப்பு வந்துவிடும். பூநாரைகளுக்கு அறிவிப்பு எதுவும் இல்லை.