பெரியப்பனுக்கு வந்த ஓடிபி

வா நைனா, வா. திண்ணையிலயே உட்காரு, உள்ள பொம்பளைங்க நாளைக்குக் கருமாதிக்கு அரிசி புடைச்சுக்கிட்டு இருக்காங்க. பெங்களூர்ல எத்தனை மணிக்குக் கிளம்பினே? காலையில ஆறுக்கா? பதினொண்ணுக்கெல்லாம் பிள்ளையார்பாளையம் வந்துட்டியே! அஞ்சே மணி நேரம். பதினஞ்சு நாளைக்கு முன்னாடி இந்த ரோடு இதைவிட நீளமா இருந்துச்சு போல.

கோவிச்சுக்காதே. கிழவன் பேச்சு வெத்தலை எச்சி மாதிரி, எங்க தெறிக்கும்னு துப்புறவனுக்கே தெரியாது. நீ அனுப்பின பூ வந்து சேர்ந்துச்சு. அந்தக் கதையை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. நான் சொல்றேன், மோரைக் குடிச்சுக்கிட்டே கேளு.

அண்ணனுக்குப் பால் தெளிச்சு, அஸ்தியை மாமல்லபுரம் கடல்ல கரைச்சுட்டு சாயந்திரம் வந்து உட்கார்ந்திருக்கோம். போட்டோவுக்கு முன்னால விளக்கு எரியுது. பக்கத்துல அவன் போனு. அதை அணைச்சு வைக்க யாருக்கும் மனசு வரலை. திடீர்னு அது அடிக்குது. கூடம் மொத்தமும் கப்சிப். உங்க பெரியம்மா அழுகையை நிறுத்திட்டு நிமிர்ந்து பார்க்கிறா. செத்துப்போனவனுக்கு யாருடா போன் பண்றது?

நான்தான் எடுத்தேன். "சார், பூ டெலிவரி. உங்க தெரு முனையில நிக்கிறேன். ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க."

ஆர்டர் போடுறப்ப வாங்குறவர் நம்பர் கேட்டிருக்கும், நீ பெரியப்பன் நம்பரையே போட்டுட்டே. காஞ்சிபுரத்து நம்பர்னு உன்கிட்ட இருந்தது அது ஒண்ணுதானோ என்னவோ. "அவரு வெளிய போயிருக்காருப்பா"ன்னேன். "எப்ப சார் வருவாரு?"ன்னான். அவன் கேட்டதுல தப்பே இல்ல. நான் என்னத்தைச் சொல்ல? ஓடிபியைப் பார்க்கலாம்னா போன் கைரேகை கேட்குது. அந்தக் கட்டைவிரலை நேத்தே கொளுத்தியாச்சு.

அப்புறம் அந்தப் பையனே வாசலுக்கு வந்தான். பந்தலைப் பார்த்தான், போட்டோவைப் பார்த்தான், ஹெல்மெட்டைக் கழட்டினான். ஆபீசுக்குப் போன் போட்டு என்னமோ சொல்லி, பெட்டியை இறக்கி வெச்சான். போயிருக்கலாம். போகலை. இதோ நீ உட்கார்ந்திருக்கிற இடத்துலதான் உட்கார்ந்தான். "தாத்தாவுக்கு என்ன வயசு? உடம்பு சரியில்லாம இருந்தாரா?"ன்னு கேட்டான். ஒரு சொம்பு தண்ணி குடிச்சான். எழுந்தவன், வர்றேன்னு சொல்லாம செருப்பை மாட்டிக்கிட்டு நடந்துட்டான் பாரு, எந்த ஊருப் பிள்ளையோ, நல்ல வீட்டுல வளர்ந்தவன். நம்ம குடும்பத்துல அன்னிக்கு உன் பேருல துக்கம் விசாரிச்சது அவன்தான். அவனுக்கு டிப்ஸு ஏதாவது குடுத்தியா?

சரி, பெட்டிக்கு வருவோம். கண்ணாடித் தாளு, வெள்ளை ரிப்பனு, உள்ள ஒரு கூடை. சின்னக் குட்டி ஓடியாந்து "கேக்கு!"ன்னு கையைத் தட்டுது. அதை அடக்கறதுக்குள்ள போதும்போதும்னு ஆயிடுச்சு. காம்பு நீட்டமா சிவப்பு ரோஜா, தட்டு மாதிரி ஒரு பூ, கதர் சட்டைக்காரன் கைக்குட்டையைச் சொருகின மாதிரி இன்னொரு பூ. தட்டு ஜெர்பராவாம், கைக்குட்டை கார்னேஷனாம். பேத்தி சொன்னா. ரோஜா ஓசூர்ப் பக்கத்துதாத்தான் இருக்கும். அங்க கொட்டகை போட்டு வளர்த்து, காதலர் தினத்துக்கு வெளிநாட்டுக்கெல்லாம் விமானம் ஏத்துறாங்களே, அதே சாதி. நீ இன்னிக்குக் காருல தாண்டி வந்தியே, அதே ஓசூரு. அந்த ரோஜாவுக்கு வழி தெரிஞ்சிருக்கு.

கூடையை வெச்சுக்கிட்டு நாங்க முழிச்சதைச் சொல்றேன் கேளு. கழுத்துல போடலாம்னா மாலை இல்ல. போட்டோவுக்குச் சாத்தலாம்னா நாரு இல்ல. தீட்டு வீடு, சாமிக்கு வைக்க முடியாது. ஊர்வலத்துல இறைக்கலாம்னா ஊர்வலம் நேத்தே முடிஞ்சுபோச்சு. உங்க பெரியம்மாவுக்கு முன்னால வெச்சோம். பூ எடுக்கிற சடங்கு இந்த வீட்ல வேணாம்னு நான் சண்டை போட்டு நிறுத்தி வெச்சிருக்கேன், அது உனக்குத் தெரியாது. நிறுத்தி என்ன, அவளே பூ பக்கம் திரும்ப மாட்டேங்கிறா. அவ முன்னால போய் இருபத்திநாலு ரோஜா! முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா. அட்டையில இங்கிலீஷ்ல எழுதியிருந்ததைப் பேத்தி படிச்சா: "வித் டீப்பஸ்ட் சிம்பதி". "என்னடி சொல்றான்?"ன்னு கேட்டா பெரியம்மா. "ரொம்ப ஆழமா வருத்தப்படறானாம்." "எந்த ஊருல?"

பூ அனுப்பறதே தப்புன்னு நான் சொல்ல வர்றேன்னு நினைச்சுக்காதே. தூரத்துல இருந்து பூ வர்றது இந்த ஊருக்குப் புதுசா? ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே டெலிவரி இருந்துச்சு. திருக்கச்சி நம்பின்னு ஒருத்தர். பூந்தமல்லிக்காரரு, அந்த ஊர்ப் பேருலயே பூ இருக்குது பாரு. அங்க நந்தவனம் போட்டு, பூவைப் பறிச்சுக்கிட்டு சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்குக் கொண்டாருவாருன்னு பெரியவங்க சொல்வாங்க. ஏறக்குறைய அம்பது கிலோமீட்டரு, நடை. வந்தவரு பூவைப் படியில வெச்சுட்டு, போட்டோ எடுத்துக்கிட்டு, "டெலிவர்டு"ன்னு போட்டுட்டுத் திரும்பலை. ஆலவட்டத்தை எடுத்துக்கிட்டு நின்னு விசிறினாரு. நாளெல்லாம் விசிறினாரு. பெருமாள் அவருகிட்ட வாயைத் திறந்து பேசினாருன்னா சும்மாவா? ராமானுஜருக்கே சந்தேகம் வந்தப்ப இவரு வழியாத்தான் கேட்டனுப்பிச்சாரு, ஆறு வார்த்தையில பதில் வந்துச்சு. பூவுக்காகவா பேசினாரு? வேர்க்குதேன்னு ஒருத்தன் பக்கத்துல நிக்கிறானேன்னு பேசினாரு. இது என் வியாக்கியானம். கோயில் பெரியவங்ககிட்ட சொல்லிடாதே, அடிக்க வருவாங்க.

ஆண்டாளை எடுத்துக்கோ. ஸ்ரீவில்லிபுத்தூர்ல அவ சூடிக் களைஞ்ச மாலை புரட்டாசி கருடசேவைக்குத் திருப்பதி போகுது, சித்திரையில அழகருக்கு மதுரை போகுது. எத்தனை ஜில்லா தாண்டி! கூடவே ஆளுங்க போறாங்க, மேளம் போகுது. மாலை தனியா பஸ் ஏறிப் போனதா கேள்விப்பட்டிருக்கியா?

உன் மாதிரி அனுப்பறதும் பழைய சங்கதிதானாம். பேத்தி போனைத் தேய்ச்சுச் சொன்னா: 1910ல அமெரிக்காவுல 15 பூக்கடைக்காரங்க கூடி ஒரு ஏற்பாடு பண்ணினாங்களாம். இந்த ஊருக் கடைக்குத் தந்தி அடிச்சா, அந்த ஊருக் கடைக்காரன் பூவைக் கொண்டுபோய்க் குடுப்பான். கேட்டுட்டு எனக்குச் சிரிப்பு தாங்கலை. அங்க தந்தி வந்தா பூ. இங்க தந்திக்காரன் சைக்கிள் தெருவுல திரும்பினாலே போதும், பிரிக்கிறதுக்கு முன்னாடியே எங்க ஆயா மாரடிக்க ஆரம்பிச்சுடுவா. ஒருதடவை வேலை கிடைச்சிருக்குன்னு தந்தி வந்து, அதுக்கும் கால்மணி நேரம் ஒப்பாரி நடந்துச்சு. 2013ல தந்தியையே மூடிட்டாங்க. இப்ப அந்த வேலையை உன் ஓடிபி பார்க்குது.

நீ பொழுதன்னிக்கும் பூ அனுப்பற ஆளாமே. அத்தை பொறந்த நாளுக்கு, கொழுந்தியா ஆபீசுல பதவி உயர்ந்ததுக்கு, மச்சான் பல்லு பிடுங்கினதுக்கு. நல்ல பழக்கம்தான், விடாதே. கிழவன் ரெண்டு யோசனை சொல்றேன். ஆஸ்பத்திரியில கிடக்கிறவனுக்குப் பூ அனுப்பாதே. கண்ணை முழிச்சதும் தலைமாட்டுல பூவைப் பார்த்தா நம்மாளு என்ன நினைப்பான்? "அதுக்குள்ளயா?"ன்னு மறுபடி கண்ணை மூடிடுவான். நாலு சாத்துக்குடி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், அதுக்குமேல வைத்தியம் இல்ல. ஹார்லிக்ஸை அவன் குடிக்க மாட்டான், அடுத்த நோயாளியைப் பார்க்கப் போறப்ப எடுத்துட்டுப் போவான். கல்யாண ரிசப்ஷன்ல குடுக்கிற பொக்கேயும் அதே சாதிதான். மாப்பிள்ளை கைக்கு வந்து, கேமராவைப் பார்த்துச் சிரிச்சு, நாற்காலிக்குப் பின்னால குவியலுக்குப் போயிடும். மொய்க் கவரு மட்டும் ஜிப்பு வெச்ச பைக்குள்ள பத்திரமா போகும்.

மத்ததுக்கெல்லாம் நம்ம தெருப் பூக்காரம்மா இருக்கா. அவ விரலைப் பார்த்திருக்கியா? ஈரத்துணியில மொக்கைக் கொட்டி வெச்சுக்குவா. வாழைநாரு காலு கட்டைவிரல்ல ஒரு முனை, கையில ஒரு முனை. இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு, காம்போட காம்பு முட்ட வைப்பா, ஒரு சுண்டு, முடிச்சு விழுந்திருக்கும். கண்ணு நாருல இருக்காது, யாரு வீட்டுக்கு யாரு வந்தான்னு தெருவுல இருக்கும். அம்பது வருஷம் நாடா தள்ளினவன் நான், அந்த வேகம் எனக்கு வரலை. அளக்கிறப்பதான் கூத்து. முழம்னா முழங்கையில இருந்து நடுவிரல் நுனிதானே? அவளுக்கு விக்கிறப்ப கை குட்டையாயிடும், வேண்டியவங்களுக்குக் குடுக்கிறப்ப நீண்டுடும். தை மாசம் பனியில மொட்டு கட்டாம மல்லி கிலோ ஆயிரக்கணக்குல ஏறுறப்ப அந்தக் கை இன்னும் குறுகும். கேட்டா, "குளிருல கை சுருங்கிடுச்சு சாமி"ம்பா.

அவளுக்கு நீ ஒரு போன் போட்டு, "பெரியம்மா வீட்டுக்கு வெள்ளிக்கிழமை தோறும் ஒரு முழம் குடு, காசு போன்லயே போடுறேன்"னு சொன்னா போதும். பூவும் வரும், ஆளும் வரும். திண்ணையில உட்கார்ந்து ஒரு டம்ளர் காபி குடிச்சுட்டு, உங்க பெரியம்மா சாப்பிட்டாளா இல்லையான்னு உனக்குச் சேதியும் சொல்லுவா. நீ குடுத்த காசுல எத்தனை வெள்ளிக்கிழமைன்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேணாம், சொன்னா உனக்கு மயக்கம் வரும்.

துக்கத்துக்கு அனுப்பியே ஆகணும்னா இது நெசவாளி ஊரு, துணி அனுப்பு. சாவுக்குக் கோடி போடறதுதானே நம்ம மரியாதை? 1953ல அண்ணாவும் அவரு கட்சிக்காரங்களும் தோளுல கைத்தறியைப் போட்டுக்கிட்டுத் தெருத்தெருவா வித்தாங்க, எங்கப்பன் சொல்லிச் சொல்லி மாஞ்சுபோவாரு. 2017ல மத்திய சர்க்காரே, பிரதமருக்குப் பூங்கொத்து வேணாம், ஒத்தைப் பூவோட கதர்க் கைக்குட்டையோ புத்தகமோ போதும்னு சொல்லுச்சாம். கைக்குட்டைன்னா நெசவுதானே, சந்தோஷம். அண்ணா 1969 பிப்ரவரியில போனப்ப எங்கப்பன் தறியில பாவை அப்படியே விட்டுட்டு மெட்ராசுக்கு நடக்க ஆரம்பிச்சவரு, வழியில லாரி கிடைச்சுது. ஒன்றரைக் கோடி பேருன்னு கின்னஸ் புத்தகத்துல போட்டிருக்காங்களாம். அதுல ஒருத்தன்கூட ஓடிபி சொல்லலை.

நீயும் வர்ற ஆளுதான். 2019ல அத்திவரதரைப் பார்க்க ராத்திரி பஸ் பிடிச்சு வந்தியே, 48 நாளு ஊரே திணறினப்ப, எவன்கிட்டயோ பாஸு வாங்கிக்கிட்டு! ஆபீசுல லீவு குடுத்தான்ல? அவரு 40 வருஷத்துக்கு ஒருதரம் வர்றவரு, மறுபடி 2059ல வருவாரு. உங்க பெரியப்பன் அப்படி இல்லடா. ஒரே தரம் போறவன்.

சரி சரி, மூஞ்சியைத் தொங்கப் போடாதே. மோரு இன்னும் கொஞ்சம் ஊத்தவா?

உன் கூடையை நான் வெறுத்துட்டேன்னு நினைக்காதே. எனக்கு எந்தப் பூவும் ஆகாத பூ இல்ல. தாழம்பூவைச் சிவன் கோயில்ல சேர்க்க மாட்டாங்க, பொய்ச்சாட்சி சொல்லுச்சுன்னு. ஏகாம்பரநாதர் இருக்கிற இந்த ஊருல நாங்க என்ன பண்ணினோம்? அதைப் புடவைக் கரையில ஏத்தி, தாழம்பூ ரேக்குன்னு ஜரிகையில பல்லுப் பல்லா நெய்தோம். அந்தக் கரையைக் கட்டிக்கிட்டுத்தான் பொம்பளைங்க அந்தக் கோயிலுக்குள்ளயே போறாங்க. சிவன் இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லலை. மல்லிமொக்குக்கு உடல்ல இடம் குடுத்த மாதிரி உன் ஜெர்பராவுக்கும் ஒருநாள் எவனாவது முந்தியில இடம் குடுப்பான். ஆனா கோர்வைப் புடவைக்கு இந்தப் பக்கம் ஒரு ஆளு, அந்தப் பக்கம் கரைக்கு ஒரு ஆளு வேணும். உங்க பெரியப்பனுக்குக் கரைப் பக்கம் உட்கார்ந்த பொடியன் யாரு தெரியுமா? உங்கப்பன்.

அது கிடக்கட்டும். கொல்லைக்கு வா, ஒண்ணு காட்டறேன். பார்த்து, படி வழுக்கும். தொட்டியில பச்சையா மிதக்குதே, தெரியுதா? பூவெல்லாம் நாலு நாள்ல வாடி, ஆட்டுக்குப் போட்டோம். கூடைக்கு அடியில இருந்த செங்கல்லு அது. பூக்காரம்மா அழுத்திப் பார்த்துட்டு, "இது என்னா சாமி, கல்லுலயும் சேர்த்தி இல்ல, மண்ணுலயும் சேர்த்தி இல்ல"ன்னா. 1954ல அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்ச சரக்காம், பினாலும் பார்மால்டிஹைடும் சேர்த்த பிளாஸ்டிக்கு. தண்ணியைக் குடிச்சு வெச்சுக்கிட்டு பூவுக்குக் குடுக்குமாம். உரத்துல போட்டேன், மக்கலை. தொட்டியில போட்டேன், இத்தனை நாளா அப்படியே கிடக்குது. அண்ணன் சாம்பலு கடல்ல கால்மணியில கரைஞ்சுபோச்சு. உன் அனுதாபம் மட்டும் கரையவே மாட்டேங்குதுடா.

நாளைக்குக் கிளம்பறப்ப ஒரு கோணிப்பை தர்றேன், டிக்கியில போட்டு எடுத்துக்கிட்டுப் போயிடு. இப்ப உள்ள போ. பெரியம்மா பின்கட்டுல தனியா உட்கார்ந்திருக்கா, மின்சாரம் வேற இல்ல. அந்தப் பனையோலை விசிறியை எடுத்துக்கிட்டுப் போ.