நாடா வெட்டும் விஞ்ஞானம்

சப்ரகமுவ தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானம் வளரவில்லை என்று சொல்பவன் நாக்கில் அட்டை கடிக்கட்டும். ஒரு ஸ்மார்ட் வகுப்பறைத் திறப்பு விழாவுக்கு வந்து பாருங்கள். தப்படித்து வரவேற்பு, ஆலாத்தி, மாலை, பொன்னாடை. பத்து மணிக்கென்று சொன்ன கௌரவ ஐயா பன்னிரண்டுக்கு வருவார். வெயிலில் வரிசை கட்டி நிற்கும் தரம் ஒன்றுப் பிள்ளைகள், உச்சி நெருங்க நெருங்க நிழல் எப்படிச் சுருங்கும் என்பதை அதற்குள் நேரிலேயே கற்றுவிடுவார்கள். நாடா வெட்டப்படும். திரையில் கோள்கள் சுற்றும். படம் எடுக்கப்படும். வாகனங்கள் மலை இறங்கியதும் ஸ்மார்ட் பலகைக்கு உறை, கதவுக்குப் பூட்டு. "தொட்டா பழுதாயிரும், போங்க" என்று பிள்ளைகள் விரட்டப்படுவார்கள். அன்று அவர்கள் கிட்டத்தில் கண்ட ஒரே தொழில்நுட்பம் கத்தரிக்கோல்.

நாடு அவசரத்தில் இருக்கிறது. 2024 மார்ச்சில் கல்வி அமைச்சு மைக்ரோசாஃப்டோடு சேர்ந்து, தரம் 8 முதல் செயற்கை நுண்ணறிவு கற்பிக்கும் முன்னோடித் திட்டத்தைத் தெரிவான சில பாடசாலைகளில் தொடங்கியது. நல்லது. இந்திய உதவியில் ஒன்பது பெருந்தோட்டப் பாடசாலைகளை மேம்படுத்தும் திட்டமும் வந்தது. அதுவும் நல்லது. மத்திய மாகாணத்துக்கு 6, ஊவாவுக்கு 1, தென் மாகாணத்துக்கு 1, சப்ரகமுவவுக்கு 1. இரத்தினபுரியும் கேகாலையும் இரண்டு மாவட்டங்கள், பங்குக்கு வந்தது ஒரு பாடசாலை. எங்கள் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு ஏன் வரவில்லை என்று இனி எவரும் கேட்கக் கூடாது. அவர்கள் வாழ்வதே அரையிலும் காலிலும்தான்.

இந்தக் கணக்குக்கு வயது நூறு தாண்டிவிட்டது. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைக்கு ஆறு வயது முதல் பத்து வயது வரை படிப்புக் கொடுக்கும் பொறுப்பைத் துரைமாரிடம் ஒப்படைத்தது. பத்து வயதுக்கு மேல் மூளைக்கு வேலையில்லை, கைக்குத்தான் வேலை என்று துரைக்குத் தெரிந்திருந்தது. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாடெங்கும் பரவியபோது தோட்டப் பாடசாலை துரையின் கையிலேயே கிடந்தது. அரசு அவற்றைப் பொறுப்பேற்று முடிக்க 1970களைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. பிறகு 2015 வாக்கில் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்கள் வந்தார்கள். மாதக் கொடுப்பனவு முதலில் 6,000 ரூபா, பின்னர் 10,000. பஸ் காசுக்கும் மதியச் சோற்றுக்கும் போக மீதியில் ஒரு ஆசிரியை மானத்தோடு மாதத்தை ஓட்ட வேண்டும். இது எந்த விஞ்ஞானத்துக்கும் கட்டுப்படாத அற்புதம்.

சின்னப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் தரம் ஒன்றிலேயே தொடங்குகிறது. பாடத்திட்டத்தில் அதற்குப் பெயர் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்'. சுற்றாடலுக்கு எங்களிடம் என்ன குறை? யட்டியந்தோட்டையிலும் தெஹியோவிட்டவிலும் அம்மா விடியலில் வெட்டிய றப்பர் பால், கொஞ்சம் போமிக் அமிலம் பட்டதும் தட்டில் உறைகிறது. பலாங்கொடையில் கொழுந்து வாடி, அரைபட்டு, பச்சை நிறம் செம்பாகிறது. இரத்தினபுரியில் மண்ணைத் தோண்டினால் நீலக்கல். இத்தனை பெரிய ஆய்வுகூடத்துக்குள் பிறந்த பிள்ளையைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, 'நீர் ஒரு திரவம்' என்று ஐம்பது தடவை எழுதச் சொல்கிறோம். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் ஆசை அதற்குப் பிறகும் பிழைத்திருந்தால், பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹற்றனுக்கோ கொழும்புக்கோ போகச் சொல்கிறோம்.

இதை வெறும் பாட விஷயமாகப் பேசிச் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. 2016 மே 17இல் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் மலை சரிந்து லய வீடுகளின்மேல் விழுந்தது. அதே நாளில் அரநாயக்கவில் சாமசர மலை ஊர்களையே மூடியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைக் கணக்கு எளிமையானது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிரு, 100 என்றால் வெளியேறத் தயாராகு, 150 என்றால் வெளியேறு. ஓரம் நேரான ஒரு போத்தலின் தலையை வெட்டிக் கவிழ்த்துவை, அடியில் கூழாங்கல் போட்டு அது மூழ்கும் மட்டம் வரை நீர் ஊற்று, அந்த மட்டத்தில் பூச்சியம் வர, பக்கத்தில் அடிமட்டத்தை ஒட்டு. மழைமானி தயார். ஏழு வயதுப் பிள்ளைக்கு அரை மணி நேர வேலை. சரிவில் படுத்துறங்கும் ஒவ்வொரு லயத்துக்கும் இதைவிட உயர்ந்த தொழில்நுட்பக் கல்வி எது? 2025 நவம்பரில் திட்வா புயல் வந்தபோதும், எச்சரிக்கை ஏன் தமிழில் ஒழுங்காக வரவில்லை என்றுதானே கேட்டுக்கொண்டிருந்தோம். கோள்கள் சுற்றுவதைத் தமிழில் சொல்லும் பலகை வரும். மலை சரிவதைத் தமிழில் சொல்ல ஆளில்லை.

அளக்க ஏன் கற்பிக்க மாட்டார்கள் தெரியுமா? அளக்கக் கற்ற பிள்ளை மழையோடு நிற்காது. கொழுந்துத் தராசடிக்குப் போகும். ஈரத்துக்கு இத்தனை, சாக்குக்கு இத்தனை என்று கழிக்கிறீர்களே, சாக்கை வெறுமையாக நிறுத்துக் காட்டுங்கள் என்று கேட்கும். மிதத்தல் பாடம் படித்த கையோடு றப்பர் பாலின் செறிவை அளக்கும் மெட்ரோலாக் மானி எந்தக் கோட்டில் மிதக்கிறது என்று குனிந்து பார்க்கும். அம்மாவின் பெயருக்கு எழுதும் கிலோ அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. பிறகு லயத்துக்கும் மலைச்சரிவுக்கும் இடையிலுள்ள தூரத்தை அடிக்கோலால் அளந்து, இந்தக் காணியில் எங்களுக்கென்று ஒரு துண்டு எங்கே என்று கேட்கும். அப்படிப்பட்ட பிள்ளையைவிடக் கைதட்டும் பிள்ளை எல்லோருக்கும் வசதி. தோட்ட நிர்வாகத்துக்கு வசதி, வாக்குக் கேட்டு வருபவருக்கு வசதி, சந்தாவை மட்டும் பிசகாமல் எண்ணும் தொழிற்சங்கத்துக்கும் வசதி.

ஆகவே கௌரவ ஐயாமாரே, அடுத்த விழாவுக்கு நீங்கள் சிரமப்பட வேண்டாம். எங்கள் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் தொடங்க மூன்றே பொருள் போதும்: ஒரு வெற்றுப் போத்தல், ஒரு அடிமட்டம், பயிற்சி பெற்று, முழுச் சம்பளம் வாங்கி, கேள்வி கேட்கும் பிள்ளையை உட்கார் என்று அதட்டாத ஒரு ஆசிரியை. முதல் இரண்டும் எங்களிடம் இருக்கின்றன. மூன்றாவதைத்தான் நூறு வருடமாகக் கேட்கிறோம், நீங்கள் நாடா வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.