ஏறுசீட்டு விளக்கம்: மட்டக்களப்பு வாவிக்கரை வழக்கை முன்னிட்ட ஓர் ஆராய்ச்சி

1. பாயிரம்

நிலத்தில் நடப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை என்பதையும், நீரைக் கடப்பதற்குத் துறைக்காரரின் தயவும் ஆகாயத்தைக் கடப்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இன்றியமையாதன என்பதையும் அனுபவத்தால் அறிந்த பின்னரும், அக்காகிதத்தின் இலக்கணத்தை முறைப்பட வகுத்துரைக்கும் நூலொன்று தமிழில் இன்னும் தோன்றாதிருப்பது, மறைந்துபோன யாழைக் கணிதத்தால் மீட்டெடுத்த விபுலானந்த அடிகளைப் பெற்ற நாட்டுக்குப் பெருமை தருவதாகாது. அடிகளார் யாழ் நூலை அரங்கேற்றியது 1947 ஜூன் மாதத்தில். எயார் சிலோன் கம்பெனியின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது அதே ஆண்டு டிசம்பரில். இவ்விரண்டுக்கும் இடையே, ஜூலை மாதத்தில், அடிகளார் இறைவனடி சேர்ந்தார். இங்ஙனம் ஐந்து மாத இடைவெளியால் பெரியோர் கைக்கு எட்டாது போன சாஸ்திரம் எம்போன்ற சிறியோர் கையில் விழுந்ததாதலின், குற்றங் களைந்து குணங்கொள்ளுமாறு கற்றோரை வேண்டி, யாமே இயற்றிய சூத்திரத்தை முதற்கண் நிறுத்துகின்றோம்:

பெயரும் இருக்கையும் வாயிலும் பொழுதும்
உயரப் பறப்போர்க்கு உரைக்கும் சீட்டே
ஏறுசீட் டென்ப, இறங்கினால் இல்லை.

இதன் பொருள்: உலகோர் போர்டிங் பாஸ் என வழங்கும் சீட்டுக்குப் பெயர், இருக்கை, வாயில், பொழுது என்னும் நான்கும் உறுப்புகளாம், ஏறும்வரை அதற்கு உயிருண்டு, இறங்கிய பின் இல்லை என்றவாறு.

பிரயாணச்சீட்டும் ஏறுசீட்டும் ஒன்றே, பெயர்தான் வேறு என்பர் பரபக்கத்தார். அது பொருந்தாது. பணத்தைப் பெற்றுக்கொண்ட கம்பெனி 'உம்மை ஏற்றிச் செல்வோம்' என்று எழுதிக்கொடுக்கும் வாக்கு பிரயாணச்சீட்டு. 'இன்ன விமானத்தில் இன்ன ஆசனம் உம்முடையது' என்னும் சாட்சி ஏறுசீட்டு. ஆசனத் தொகைக்கு மேலே சீட்டு விற்கும் வழக்கம் விமானக் கம்பெனிகளிடையே உலகெங்கும் உள்ளதாகலின், கல்யாணத்துக்கு அழைக்கப்பட்டோர் அனைவருக்கும் முதற் பந்தியில் இலை விழாதவாறு போல, வாக்குப் பெற்றோர் அனைவரும் சாட்சி பெறுவரென்பது நியதியில்லை. ஆகவே இரண்டும் வேறென்பதே சுபக்கம்.

2. பெறுதல்

மட்டக்களப்பு வாவியின் நடுவே திமிலைதீவில் 1958 முதல் ஒரு விமான நிலையம் இருக்கின்றது. 1983 இல் அது விமானப்படையின் வசமாயிற்று. 2018 இல் பொதுமக்கள் பிரயாணத்துக்காக மீளவும் திறக்கப்பட்டது. ஆயினும் கட்டாருக்கோ குவைத்துக்கோ இலண்டனுக்கோ போகவேண்டிய மட்டக்களப்பார் அந்நிலையத்தைப் பாலத்தில் நின்று பார்த்துவிட்டு, ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தொலைவில் சர்வதேச விமான நிலையமுள்ள கட்டுநாயக்காவுக்கே செல்கின்றனர். ஆதலால் சீட்டைப் பெறுதலென்னும் கிரியை பிறருக்குக் கருமபீடத்தின் முன்னே ஆரம்பமாக, எம்மவர்க்கோ முதல்நாள் மாலை, அமிர்தகழியில் மாமாங்கப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும்போதே ஆரம்பமாகிவிடுகின்றது.

பிரயாணி ஒருவர், வழியனுப்புவோர் பன்னிருவர், இவர்களது சாப்பாட்டுப் பார்சல்கள் என்னும் மூவகைச் சரக்கையும் ஏற்றிக்கொண்ட வான், வாழைச்சேனையும் பொலன்னறுவையும் கடந்து, ஹபரணைக் காட்டில் யானை மறிக்கக்கூடுமென்றும், தம்புள்ளையில் தேநீருக்கு நிறுத்தவேண்டுமென்றும், குருநாகலில் சாரதிக்கு நித்திரை வருமென்றும் தனித்தனியே நேரம் ஒதுக்கிப் புறப்படுகின்றது. இம்மூன்றும் ஒருங்கே நிகழ்வது அரிதாகலின், விமானம் கிளம்புவதற்கு ஆறேழு மணி முன்னதாகவே அது கட்டுநாயக்காவைச் சேர்ந்துவிடும். கருமபீடமோ பெரும்பாலும் மூன்று மணி முன்னர்தான் திறக்கும். ஏறுசீட்டிலே பிரயாணி எத்தனையாவதாகப் பதிவு செய்தார் என்பதைக் காட்டும் வரிசை இலக்கம் ஒன்று உண்டு. அவ்விலக்கங்களுள் முதல் ஐந்தும் கிழக்கு மாகாணத்தாருக்கே உரியன என்று, புள்ளிவிபரம் ஏதுமின்றியே, யாம் துணிந்து கூறுவோம்.

கருமபீடத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்தே சீட்டெடுக்கும் நவீன மார்க்கமும் உண்டு. அதனை மேற்கொள்வோர் முதல்நாளே கைபேசியில் ஆசனத்தைத் தெரிந்துகொண்டு, கைபேசியை நம்பாத தாயாரின் திருப்திக்காகச் சந்தியிலுள்ள கொமினிகேஷன் கடையில் அதனை அச்சிட்டு, அச்சிட்டதை நம்பாத தகப்பனாரின் திருப்திக்காகக் கருமபீடத்திலும் ஒன்று வாங்கிக்கொள்வர். ஒரே ஆசனத்துக்கு மூன்று சாட்சி இருப்பதில் தோஷமில்லை.

சீட்டுப் பெற்றதும் செய்யவேண்டிய முதற் கடமை விமானத்தை நோக்கி நடப்பதென்று நூலறிவுடையோர் கருதக்கூடும். வாவிக்கரை வழக்கு அதுவன்று. வெளியே நிற்கும் வானுக்குத் தொலைபேசி எடுத்து, 'போர்டிங் பாஸ் எடுத்திட்டன்' என்று அறிவிப்பதே முதற் கடமை. அவ்வொரு வாக்கியம் காதில் விழுந்த பின்னரே சாரதி சாவியைத் திருப்புவார். தாயார் அழத் தொடங்குவார். சின்னம்மா மீந்த இடியப்பத்தைப் பங்கிடுவார். ஏறுசீட்டின் பயன் ஒருவரை ஏற்றுவது மட்டுமன்று, பன்னிருவரை வீடு திரும்ப விடுவதுமாம் என்னும் இவ்வுண்மையைச் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தார் தம் விதிகளுள் யாண்டும் குறித்தாரல்லர்.

3. உறுப்பியல்

மேற்படி சங்கத்தார் 2005 இல் வகுத்த நியமத்தின்படி, சீட்டின் ஓரத்தில் எறும்பூர்ந்தாற்போலத் தோன்றும் கோட்டுப் படத்துள் கட்டாயமாக அடங்கவேண்டிய எழுத்துகள் 60. பழைய காந்தப் பட்டைச் சீட்டுகள் 2010 முடிவோடு ஒழிந்தன. இக்காலப் படம், ஒரு பகுதி கசங்கினாலும் எஞ்சிய பகுதியைக்கொண்டு தன்னைத் தானே திருத்தி வாசிக்கத்தக்கதாக அமைந்தது; சட்டைப் பையில் வைத்து வியர்வையில் ஊறவிடும் எம்மவரின் சுபாவத்தை யாரோ முன்கூட்டியே அறிந்திருக்கின்றனர்.

அறுபதினுள் பெயருக்கு ஒதுக்கப்பட்டவை இருபது. அதிலும் குடும்பப் பெயருக்கும் சொந்தப் பெயருக்கும் இடையே வரும் சாய்கோடு ஒன்றை விழுங்கிவிடும். தந்தையார் பெயரை முன்வைத்தெழுதும் எம் வழக்கில், தந்தையார் பாலசுப்பிரமணியமாயின் ஆங்கில எழுத்தில் பதினைந்து போய்விடும், சாய்கோட்டோடு பதினாறு, எஞ்சிய நான்கினுள் மகன் தன்னை அடக்கிக்கொள்ளவேண்டும். ரவிக்கு இடருண்டாகாது, இரவீந்திரனோ பாதி உடம்போடு பறப்பான். பிள்ளைக்குப் பெயரிடுமுன் சாதகம் பார்ப்பதுபோல இவ்விருபதையும் எண்ணிப் பார்த்தல் தகும்.

இருக்கையாவது, ஓர் எண்ணும் ஓர் ஆங்கில எழுத்தும் கூடியது. அவ்வெழுத்துகளுள் ஒன்பதாவது வழங்குவதில்லை. ஒன்றென்னும் இலக்கத்தோடு மயங்குமாதலால் அதனை நீக்கினர். பதின்மூன்றை அஞ்சும் மேனாட்டார் பொருட்டுப் பல கம்பெனிகள் பதின்மூன்றாம் வரிசையையும் ஒழித்தன. பதினேழை அஞ்சும் இத்தாலியர் முதலியோர் பொருட்டு லுஃப்தான்சா பதினேழையும் கூட ஒழித்தது. எட்டாம் எண்ணைக் கண்டால் நடுங்கும் தமிழர் இலட்சக்கணக்கிற் பிரயாணஞ் செய்தும் எட்டாம் வரிசை மாத்திரம் எங்கும் அசையாதிருப்பது எமது இராசதந்திரத்தின் பலவீனம்.

கோட்டுப் படத்துள் நாளைக் குறிக்குமிடத்து மாதமென்பது இல்லை. ஜனவரி முதலாந் திகதியிலிருந்து எண்ணிவந்த தொகையே உண்டு. தைப்பொங்கல் பதினான்காம் நாளோ பதினைந்தாம் நாளோ ஆம். ஏப்ரல் பதினான்கு சாதாரண ஆண்டில் நூற்று நான்காம் நாள். வாயிலும் பொழுதும் அச்சிலே இருந்தாலும், கருமபீடத்தார் பேனையால் வட்டமிட்டுக் காட்டினாலன்றி அவை எவர் கண்ணுக்கும் புலனாவதில்லை. அங்ஙனம் வட்டமிட்ட பின்னரே வாயில் மாற்றப்படுவதும் வழக்கு. பொழுதோவெனின், விமானம் கிளம்பும் பொழுதுவரை வாயில் திறந்திருக்குமென்று எண்ணி மிட்டாய்க் கடையில் நின்றோர் பலர். வாயில் அடைபடுவது அதற்கு முன்னரேயாம்.

4. ஒழிபியல்

இறங்கினால் இல்லை எனச் சூத்திரஞ் செய்தோமாயினும், வாவிக்கரை வீடுகளில் அச்சவத்துக்குச் சம்ஸ்காரம் நடப்பதில்லை. அலுமாரியில், பிறப்புச் சான்றிதழுக்கும் காணி உறுதிக்கும் இடையே, மகள் சவூதிக்குப் போன நாளின் சீட்டு மடிப்புக் கலையாதிருக்கின்றது. இதனை யாம் ஆட்சேபியோம். சிலர் பறக்குமுன்னரே சீட்டைப் படம் பிடித்து முகநூலில் இடுவதை மாத்திரம் ஆட்சேபிப்போம்; கோட்டுப் படத்துள் பதிவுக் குறியும் அடங்கியிருப்பதால், பெயரையும் அதனையும் கொண்டு அயலான் ஒருவன் அவர்தம் திரும்பு பிரயாணத்தில் கைவைக்க ஏதுவாகும்.

இனி, இவ்வாராய்ச்சியாற் பெறப்படும் சித்தாந்தத்தைக் கூறுதும். குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்குப் படகுப்பாதையில் வாவியைக் கடப்பவரிடம் பெயரெழுதிய சீட்டை எவரும் கேட்பதில்லை. 'ஆர்ர மகன் மனே நீ?' என்னும் ஒரு கேள்வியே அங்குப் பதிவும் பரிசோதனையும் ஆம். 1928 முதல் மட்டக்களப்புக்கு வரும் புகையிரதத்துக்கு விரலளவான தடித்த அட்டை போதுமாயிருந்தது. அதில் ஊரின் பெயருண்டு, ஆளின் பெயரில்லை. விமானத்துக்கோ அறுபதெழுத்தும் வேண்டும். ஆகவே பரிச்சயம் குறையுந்தோறும் காகிதம் வளரும் என்பது விதி. ஏறுசீட்டு நம்மைப் பற்றி இத்தனை சொல்வதன் காரணம், நம்மை ஏற்றிச் செல்வோருக்கு நம்மைப் பற்றி ஏதும் தெரியாமையேயாம்.

அங்ஙனம் சொல்லியும் அது முக்கியமானதைச் சொல்லவில்லை என்பதே எமது முடிந்த முறைப்பாடு. மட்டக்களப்பு நாட்டில் ஒருவரது குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியால் வருவது. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இது பொது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயில் முதலிய பழங்கோயில்களில் குடிமுறை பார்த்தே மரியாதை வழங்குவர். விமான வாயிலிலும் முதலாம் பிரிவு, இரண்டாம் பிரிவென்று முறை வைத்தே அழைக்கின்றனர். ஆனால் அம்முறை கொடுத்த பணத்தையோ இருந்த வரிசையையோ பற்றியது. சீட்டின் இருபதெழுத்தும் தந்தையார் பெயரால் நிரம்பிப்போக, தாயாரின் குடிக்கு அறுபதில் ஓரெழுத்தும் இல்லை.

ஆதலின், திமிலைதீவிலிருந்து என்றேனும் கடல் கடந்து விமானம் பறக்குமாயின், அந்நிலையத்துச் சீட்டில் மட்டுமாவது குடிக்கெனப் பத்தெழுத்தைக் கூட்டி, ஏற்றும் முறையையும் அதற்கியைய வகுக்குமாறு சங்கத்தாரைக் கேட்டுக்கொள்கின்றோம். இயந்திரத்துக்குக் குடி தெரியாதே என்று தடை எழுப்புவார் உளராயின், அம்பிளாந்துறைத் துறைக்காரருக்கு இயந்திரம் தெரியாது. ஆயினும் அவர் இதுகாறும் ஒருவரையும் பிழையான கரையில் இறக்கியதில்லை என்பதே அவர்களுக்கு எம் விடை.