வில்லியனூர்க் கணினியாளரின் பாஸ்காக் கணிதம்: ஒரு விசாரம்

உலகத்தில் ஆராயப்படாத விஷயம் இனி ஒன்றுமில்லை என்று பண்டிதர்கள் பெருமை பேசிக்கொள்ளும் இக்காலத்தில், புதுவையைச் சேர்ந்த வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வசித்து, கணினித் தொழிலால் ஜீவனம் நடத்தி, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் கிறிஸ்தவ வாலிபர் தம் ஓய்வுப் பொழுதை எப்படிக் கழிக்கிறார் என்னும் கனமான பொருளைப் பற்றி ஒருவரும் நூல் செய்ய முன்வராதது வியப்புக்குரியதே. பாகூரில் கிடைத்த பல்லவச் செப்பேடு, ஒன்பதாம் நூற்றாண்டில் அவ்வூர் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் தானம் செய்யப்பட்ட செய்தியைச் சொல்கிறது. அப்படிப்பட்ட வித்தியா பூமியில் இந்த விசாரணை நடவாமல் வேறெங்கே நடப்பது?

முதலில் லக்ஷணம். நம் ஆராய்ச்சிக்குரிய மனிதர் வாரத்தில் ஐந்து நாள் மாடி அறையில் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்து, தாம் கண்ணால் காணாத ஒரு சீமைக் கம்பெனியின் பிழைகளைத் திருத்திக்கொண்டிருப்பார். கரண்டு போனால் தெருவில் முதலில் எழும் குரல் அவருடையது. இந்த அடையாளங்கள் இந்து, முஸ்லிம் கணினியாளர்களுக்கும் பொருந்துமே என்று ஆட்சேபம் எழலாம். மெய்தான். ஆனால், மாதா கோயிலில் மைக் இரைந்தாலும், திரையில் பாட்டு வரி தலைகீழாக விழுந்தாலும், குடிலில் சீரியல் பல்பு பாதி எரிந்து பாதி அணைந்தாலும், “நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, இதைக் கொஞ்சம் பாரேன்” என்று உபதேசியார் முதல் பீடச் சிறுவர் வரை எல்லாரும் தேடி வருவது இவரை மட்டுமே. பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பதும், டிசம்பரில் மூங்கில் பிளாச்சு கட்டி நட்சத்திரம் செய்வதும் இவருடைய பொழுதுபோக்குகளே அல்லவா எனில், அவை பங்கு மக்கள் இவர்மேல் சுமத்திய கடமைகள். பொழுதுபோக்கு என்பது ஒருவர் தாமாக விரும்பித் தம்மேல் ஏற்றிக்கொள்ளும் சுமை. அந்த இலக்கணத்துக்கு முற்றிலும் பொருந்துவது ஒன்றே: பாஸ்கா என்னும் உயிர்த்த ஞாயிறு வருங்காலத்தில் எந்தத் தேதியில் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தல்.

இது வீண் வேலை என்று எண்ணுகிறவர்கள் வில்லியனூரின் நடைமுறையை அறியாதவர்கள். பிரான்ஸிலிருந்து 1877இல் வந்த லூர்து அன்னையின் சுரூபம் எழுந்தருளியிருக்கும் அவ்வூர் ஆலயத்தின் முன்னே, சிவன் கோயிலுக்கு இருப்பதுபோலவே படிக்கட்டுள்ள திருக்குளம் ஒன்று உண்டு. அங்கே ஆண்டுப் பெருவிழாவின் கொடி ஏறுவது உயிர்த்த ஞாயிற்றுக்கு அடுத்த சனிக்கிழமை. ஆகவே பாஸ்கா நகர்ந்தால் கொடி நகரும். கொடி நகர்ந்தால் தேர் நகரும். தேர் நகர்ந்தால் திருச்சியிலும் சென்னையிலும் உள்ள மருமக்களின் லீவு விண்ணப்பங்கள் நகரும். இவை போதாதென்று, தவக்காலத்தில் கலியாணம் வைக்கும் வழக்கமில்லையாதலால், பெண்ணைப் பெற்றவர்கள் ஒரு வருஷம் முன்னதாக மண்டபம் பிடிக்கப் புறப்படும்போதே, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் எப்போது என்று தெரிந்தாக வேண்டும். 2027இல் உயிர்த்த ஞாயிறு மார்ச் 28. அதற்கு 46 நாள் முந்திய சாம்பல் புதன் பிப்ரவரி 10. அதாவது தை முடிவதற்குள் கலியாணக் கதவு அடைபட்டுவிடும். சுவரில் தொங்கும் காலண்டர் நடப்பு வருஷத்தோடு நின்றுவிடுவது. கைப்பேசியைக் கேட்டால் நொடியில் சொல்லும் என்றாலும், கைப்பேசி சொன்னதை நம்பி மண்டபத்துக்கு முன்பணம் கட்ட எந்தப் பெரியம்மாவும் சம்மதிப்பதில்லை.

இனிக் கணிதத்தின் தன்மை. கி.பி. 325இல் நிசேயாவில் கூடிய சங்கத்தை ஒட்டி ஏற்பட்ட சம்பிரதாயப்படி, மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்போ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறே பாஸ்கா. கேட்பதற்கு எளிது, ஆனால் இங்கே பௌர்ணமி என்பது வானத்துப் பௌர்ணமி அன்று, திருச்சபையின் வாய்பாட்டுப் பௌர்ணமி. 2019இல் வானத்துச் சந்திரன் மார்ச் 21ஆம் தேதியே பூரணமாயிற்று. ஆனால் வாய்பாடு அதை 20ஆம் தேதியில் வைத்துவிட்டபடியால், அந்தப் பௌர்ணமி கணக்கில் சேராமல், பாஸ்கா ஏப்ரல் 21க்குப் போயிற்று. இதைக் கேட்டுச் சீமைக்காரர் திகைக்கலாம். தமிழ் வாசகர் திகைக்க நியாயமில்லை. வாக்கியப் பஞ்சாங்கக்காரரும் திருக்கணிதக்காரரும் ஏகாதசிக்கும் கிரகப் பெயர்ச்சிக்கும் நாள் வேறுபட்டு வாதாடுவதைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். வானத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்வது திருக்கணிதம். முன்னோர் வகுத்த வாக்கியத்தை வழுவாமல் பின்பற்றுவது வாக்கியம். இந்தப் பிரிவினையின்படி கத்தோலிக்கத் திருச்சபை சந்தேகமின்றி வாக்கியக் கட்சி என்பதே என் சித்தாந்தம். 1582இல் போப் பதிமூன்றாம் கிரகோரியார் நாட்காட்டியிலிருந்து பத்து நாட்களை உருவி எடுத்துவிட்டு, வாய்பாட்டைப் புதுப்பித்தாரே, அது திருக்கணிதம் ஆகாதா என்றால், ஆகாது. பழைய வாக்கியத்துக்குப் பதில் புதிய வாக்கியம் வந்தது, அவ்வளவே.

வாக்கியக் கணிதம் புதுவை மண்ணுக்குப் புதிதன்று என்பதற்கு வலுவான சாட்சிகள் உண்டு. சூரியனைச் சுக்கிரன் கடக்கும் காட்சியைக் காண வந்த லெ ஜான்தி என்னும் பிரெஞ்சு வான நூலார், முதல் முறை 1761இல் வந்தபோது புதுவை ஆங்கிலேயர் வசமாகிவிட்டிருந்தது. எட்டு வருஷம் காத்திருந்து 1769 ஜூன் மாதம் இங்கே தொலைநோக்கியை நாட்டியபோது மேகம் மறைத்துவிட்டது. சுக்கிரன் கைவிட்ட அவருக்கு ஆறுதலாக அமைந்தது தமிழர் கணிதம்: 1765ஆம் வருஷத்துச் சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழர் கணக்கு 41 விநாடி குறைந்ததாகவும், ஐரோப்பாவில் புகழ்பெற்ற டோபியாஸ் மாயரின் பட்டியல் 68 விநாடி மிகுந்ததாகவும் அவர் கண்டார். பின்னர் 1825இல் ஜான் வாரன் என்பவர் புதுவையில் ஒரு பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அக்கணிதர் ஏடு எதுவும் பாராமல், மனப்பாடமாயிருந்த வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே தரையில் சோழிகளை வைத்தும் நகர்த்தியும் வரப்போகும் சந்திர கிரகணத்தைக் கணித்துக் கொடுத்தார். கிரகணம் ஏன் உண்டாகிறது என்னும் தத்துவம் மட்டும் அவருக்குத் தெரியாது. எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய நிரல் ஏன் ஓடுகிறது என்று அறியாமலே அதை வெற்றிகரமாக ஓட்டிச் சம்பளம் பெறும் நம் கணினியாளர், அந்தச் சோழிக் கணிதரின் நேர் வாரிசு என்று கொள்வதற்கு இதைவிட வேறென்ன பிரமாணம் வேண்டும்?

இப்போது பிரத்தியட்சம். திருக்குளத்தின் மேற்படியில், மாலைச் செபமாலை முடிந்த வேளையில், “ஏன்டா தம்பி, 2026க்கு உயிர்த்த ஞாயிறு என்னைக்கு?” என்று ஒரு பெரியம்மா கேட்கிறார். “கொஞ்சம் இருங்க பெரியம்மா” என்று சொல்லிவிட்டு, மின்கட்டண ரசீதின் பின்புறத்தில் கணினியாளர் எழுதத் தொடங்குகிறார். 2026ஐ 19ஆல் வகுத்தால் மீதி 12. நாலால் வகுத்தால் மீதி 2. ஏழால் வகுத்தால் மீதி 3. முதல் மீதியைப் பத்தொன்பதால் பெருக்கி 24 கூட்டினால் 252. அதை முப்பதால் வகுத்தால் மீதி மறுபடியும் 12. இரண்டாம் மீதியை இரட்டித்தும், மூன்றாம் மீதியை நாலால் பெருக்கியும், இந்தப் புதிய பன்னிரண்டை ஆறால் பெருக்கியும் எல்லாவற்றையும் கூட்டி, மேலே 5 போட்டால் 93. ஏழால் வகுத்தால் மீதி 2. மார்ச் 22ஓடு பன்னிரண்டும் இரண்டும் சேர்த்தால் மார்ச் 36, அதாவது ஏப்ரல் 5. “ஏப்ரல் அஞ்சு, பெரியம்மா. கொடி பதினொண்ணாம் தேதி.” பெரியம்மா தலையாட்டிவிட்டு, “அதைத்தான் சாமியாரும் சொன்னாரு” என்கிறார். ஆகம பிரமாணம் கையில் இருக்கும்போதே அனுமானத்தையும் சோதித்துப் பார்க்கும் இப்பெரியம்மாவின் தர்க்க ஞானம் தனி ஆய்வுக்குரியது.

இந்தச் சூத்திரத்தை 1800இல் வெளியிட்டவர் ஜெர்மானியக் கணித மேதை காஸ். அதில் ஒரு பிழை இருந்து, 1816இல்தான் அவர் திருத்தினார் என்பது நம் கணினியாளருக்குப் பேரானந்தம் தரும் செய்தி. பதினாறு வருஷம் கழித்துப் பிழைதிருத்தம் அனுப்பினால் மானேஜர் சும்மா இருப்பாரா என்று அவர் பெருமூச்சு விடுவதுண்டு. காஸின் தாயாருக்கு மகன் பிறந்த தேதி நினைவில்லை. ஆண்டவர் விண்ணேறிய திருநாளுக்கு எட்டு நாள் முந்தி, புதன்கிழமை என்பது மட்டும் நினைவிருந்தது. விண்ணேற்றம் பாஸ்காவிலிருந்து எண்ணப்படுவதாகையால், பாஸ்காவைக் கணித்தே 1777 ஏப்ரல் 30 என்று மகன் தம் பிறந்த தேதியைத் தெளியலாயிற்று. “நீ தேர் முடிஞ்ச மூணாம் நாள் பொறந்தவன்” என்று சொல்லும் வில்லியனூர்த் தாய்மார் பலர். அவர்கள் மக்களுக்கும் இச்சூத்திரம் பள்ளிச் சான்றிதழைவிட நம்பகமானது.

அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்டு கனூத், லூத்தரன் சபையைச் சேர்ந்தவர், இதே பாஸ்காக் கணிதத்தைப் பற்றி 1962இல் கட்டுரை எழுதினார். வீட்டிலேயே குழல் ஆர்கன் அமைத்து வாசித்தார். 1990 முதல் மின்னஞ்சலைத் துறந்தும்விட்டார். முதல் இரண்டும் நம்மவர்க்குக் கைகூடியவை, ஆர்கனுக்குப் பதில் கீபோர்டு என்பது தவிர. மூன்றாவது, ஓய்வூதியம் பெறும்வரை நடவாது.

இறுதியாக, கொம்யூன் மக்கள் குறித்துவைத்துக்கொள்ள வேண்டிய வருஷம் 2038. அவ்வருஷம் ஜனவரி 19 அன்று நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிஷத்துக்கு, நேரத்தை 32 இரும இலக்கங்களில் எண்ணும் பழைய கணினிகளின் கடிகாரம் நிரம்பி வழியும் என்பதால், கணினியாளர்கள் அன்று எவர் வீட்டு மைக்கையும் பார்க்க வரமாட்டார்கள். பாஸ்காவோ அதற்கு அனுமதிக்கப்பட்ட கடைசித் தேதியாகிய ஏப்ரல் 25 அன்று வரும். 1943க்குப் பிறகு அப்படி வருவது அதுவே முதல் முறை. கொடி மே 1 அன்று ஏறி, தேர் கத்திரி வெயிலில் நகரும். ஆகவே பங்குப் பேரவையார் மோர்ப் பந்தலுக்கான ஏற்பாட்டை முன்னதாகவே செய்துகொள்ளுமாறு இதன்மூலம் கேட்டுக்கொள்கிறேன்.